அத்தியாயம் 7: பார்வைக்குத் தடை, காற்றுக்கு வழி

சித்திரை வைகாசியில் நம் பக்கம் காலை முழுக்க மேற்கிலிருந்து அனல் அடிக்கும். நண்பகலை ஒட்டித்தான் காற்று திரும்பி, கடலிலிருந்து உள்ளே வரத் தொடங்கும். மரக்காணம் உப்பளங்களிலிருந்து பொம்மையார்பாளையம் வரை கரையோரத்து ஊர்கள் எல்லாம் காத்திருப்பது அந்தக் காற்றுக்குத்தான். ஆரோவிலை ஒட்டிய நம் இடையஞ்சாவடிக்கும் அது வந்து சேர்கிறது. ஆனால் அது வந்து சேரும் வேளையில் தெருப்பக்க ஜன்னல்கள் பல சாத்தியே கிடக்கின்றன. உள்ளே ஒரு பெண் மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு வியர்வையில் படுத்திருப்பார். காரணம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "தெறந்து வெச்சா ரோட்ல போறவன் வர்றவன்லாம் பாக்கறான்."

இந்த ஊர் மாறிய விதம் அப்படி. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது சுற்றிலும் செம்மண் பொட்டலும் பனையும் முந்திரியுமாக இருந்த இடம் இது. இன்று ஊர்த் தெரு வழியே சுற்றுலாப் பயணிகளின் ஸ்கூட்டர்கள், கட்டுமான லாரிகள், வேலைக்குப் போகிறவர்கள் என நாள் முழுக்க நடமாட்டம். பக்கத்துக் காலிமனையில் மாடிவீடு எழும்பி, அதில் வெளியூர்க்காரர்கள் குடிவருகிறார்கள். முன்பு தெருவில் போனவர்கள் எல்லாம் மாமன், சித்தப்பா, அத்தை. இன்று யார் போகிறார்கள் என்றே தெரியாது. எனவே ஜன்னலைச் சாத்துபவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒளிந்து வாழ்வதற்கு விலையாகக் காற்றைக் கொடுக்க வேண்டியதில்லை. பார்வை நேர்கோட்டில் மட்டுமே செல்லும், காற்று வளைந்தும் செல்லும். ஜன்னல் மறைப்பில் நாம் செய்யும் வேலை எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்வதுதான்.

யார், எங்கிருந்து, எந்த உயரத்தில்

துணிக்கடைக்குப் போவதற்கு முன் ஒரு அளவு டேப்பை எடுங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வீடு முழுவதற்கும் ஒரே திரை வாங்குவதில்தான் பணமும் காற்றும் சேர்ந்து வீணாகின்றன.

நம் வீடுகளில் ஜன்னலின் அடிக்கட்டை பெரும்பாலும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கும். மேல் விளிம்பு ஏழடியில். தெருவில் நடந்து போகிறவரின் கண் சாலையிலிருந்து சுமார் ஐந்தடி. வீட்டைக் கட்டியபோது தரை, சாலையைவிட இரண்டடி மேலே இருந்திருந்தால், அவர் கண் நம் தரைக் கணக்கில் மூன்றடிதான். அதாவது ஜன்னலின் அடிக்கட்டை மட்டம். அதற்குக் கீழே இருக்கும் தரையும் கட்டிலும் அவர் பார்வைக்குக் கிடைக்காது.

பிறகு என்ன நடக்கிறது? பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச்சாலை போடுகிறார்கள். நாலைந்து முறை போட்டதில் சாலை ஒன்றரையடி ஏறிவிடுகிறது. தெருவில் போகிறவரின் கண் இப்போது நம் தரையிலிருந்து நாலரை அடியில், ஜன்னலின் நடுப்பகுதியில் நிற்கிறது. தமிழகத் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு 2021ஆம் ஆண்டிலேயே, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுச்சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். மழைநீர் வீட்டுக்குள் புகுவதைத் தடுக்க என்றே அதை எல்லோரும் பேசினார்கள். வீட்டின் அந்தரங்கமும் அதே தார் அடுக்கின் கீழ்தான் புதைந்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை உங்கள் தெருவில் சாலை போட வரும்போது, கிராம சபையில் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தெருவிலிருந்து வரும் பார்வைக்கு ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தாலே பெரும்பாலும் போதும். கணக்கு எளிது. தெருக்காரரின் கண் நாலரை அடியில். அவர் ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளிப் போகிறார். திரையின் மேல் விளிம்பு ஐந்தரை அடியில். அந்த விளிம்பைத் தாண்டி வரும் அவர் பார்வை, பத்தடி அறையின் கோடிச் சுவரை ஆறரை அடி உயரத்தில்தான் தொடும். உள்ளே நிற்பவரின் தலைகூடத் தெரியாது. மேலே திறந்திருக்கும் ஒன்றரை அடி வழியே காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும். தெரு இன்னும் அகலமாக இருந்து பார்ப்பவர் தள்ளி நின்றால் விளிம்பைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

எதிர் மாடியிலிருந்து வரும் பார்வைக்கு இது செல்லாது. மாடியில் இருப்பவர் ஜன்னலின் மேற்பாதி வழியாகத்தான் தரையைப் பார்க்கிறார். அங்கே மறைக்க வேண்டியது மேற்பாதி. கீழ்ப்பாதியைத் திறந்து விட்டாலும் பாதகம் இல்லை. ஒரே வீட்டில் தெருப்பக்க ஜன்னலுக்குக் கீழ்மறைப்பும் பின்பக்க ஜன்னலுக்கு மேல்மறைப்பும் தேவைப்படலாம்.

பழைய வீடுகளின் நாலு கதவு மர ஜன்னல் இதைத்தான் செய்தது. கீழ்க்கதவுகள் இரண்டையும் சாத்தி, மேற்கதவுகளைத் திறந்து வைத்தால் தெருவுக்கு மறைப்பு. கட்டிலில் காற்று வேண்டுமென்றால் மாற்றித் திறக்கலாம். வீட்டை இடித்துக் கட்டும்போது அந்த ஜன்னலை விறகுக்குப் போடாதீர்கள். தச்சரிடம் சொல்லி, செல்லரித்த பாகத்தை மட்டும் மாற்றிப் புதுவீட்டில் பொருத்தச் சொல்லுங்கள். இன்று விற்கும் தள்ளு ஜன்னல் எதுவும் அதற்கு ஈடாகாது என்பது என் தீர்மானமான கருத்து. தள்ளு ஜன்னலை முழுக்கத் திறந்தாலும் பாதிதான் திறக்கும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் அறைத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 20 சதுர அடி. 4 அடிக்கு 5 அடி தள்ளு ஜன்னல் வைத்தால் காகிதத்தில் 20 இருக்கும், காற்றுக்குக் கிடைப்பது 10.

வெளிச்சம் எந்தப் பக்கம்

உயரத்துக்கு அடுத்தது நேரம். மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைப் பகலில் ஜன்னலில் கட்டினால் வெளியே இருப்பவருக்கு வெறும் வெள்ளைதான் தெரியும். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும். விளக்குப் போட்ட பிறகு இது அப்படியே தலைகீழாகிவிடும். வெளிச்சம் அதிகமாக இருக்கும் பக்கத்தை மற்றப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கலாம். கொசுவலை, சல்லாத்துணி, பச்சை வலை, கண்ணாடியில் ஒட்டும் கண்ணாடி ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் விதி இதுதான். கடைக்காரர் பகலில் காட்டும் மாதிரியை நம்பி இரவுக்கு வாங்கக் கூடாது.

எனவே படுக்கையறைக்கு இரண்டு அடுக்கு வேண்டும். கண்ணாடி அல்லது கம்பியை ஒட்டி, எப்போதும் தொங்கும் மெல்லிய வெளிர்நிறத் துணி ஒன்று. அதற்கு உள்பக்கம், விளக்குப் போடும்போது மட்டும் இழுக்கும் கெட்டித் துணி ஒன்று. மெல்லிய துணி வெள்ளையாகவோ சந்தன நிறமாகவோ இருக்கட்டும். வெயில் பட்டு அது மின்னும்போது வெளியே நிற்பவர் கண்ணுக்கு உள்ளே ஒன்றும் எட்டாது. கருநிற வலை இதற்கு நேர்மாறு. பார்வையை எளிதாக உள்ளே விட்டுவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று விளக்கின் இடம். ட்யூப்லைட் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருந்தால், நடுவில் நின்று புடவை மாற்றுபவரின் நிழல் அப்படியே திரையில் விழும். துணி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் கொஞ்சம் ஒளி கசிந்தால் போதும், உருவம் தெரிந்துவிடும். விளக்கை ஜன்னல் இருக்கும் அதே சுவரில், ஜன்னலுக்கு மேலே மாற்றுங்கள். நிழல் அறையின் உள்பக்கம் விழும். எலக்ட்ரீஷியனுக்கு அரைமணி நேர வேலை. விலையுயர்ந்த திரை வாங்குவதைவிட இது முக்கியம் என்பேன்.

பீரோ கண்ணாடியையும் பாருங்கள். ஜன்னலுக்கு எதிரே நிலைக்கண்ணாடி இருந்தால், பக்கவாட்டில் விடப்பட்ட நாலு விரல் இடைவெளி வழியே கூட அறையின் மூலை முடுக்கெல்லாம் வெளியே தெரியும். பீரோவை ஜன்னல் இருக்கும் சுவருக்கோ பக்கச் சுவருக்கோ நகர்த்திவிடலாம்.

இவையெல்லாம் சரியா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான். இரவு எட்டு மணிக்கு எல்லா அறையிலும் விளக்கைப் போட்டு, வீட்டில் ஒருவரை உள்ளே நடமாடச் சொல்லிவிட்டு, நீங்கள் தெருவில் போய் நின்று பாருங்கள். எதிர் மாடிக்காரர்கள் பழக்கமானவர்கள் என்றால் அங்கேயும் ஏறிப் பாருங்கள். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை.

கோல்கொண்டாவின் பாடம்

இந்த விஷயத்தைக் கரைத்துக் குடித்த ஒரு கட்டடம் நமக்கு மிக அருகில், புதுச்சேரியில் நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. டோக்கியோவில் இருந்து பணியாற்றிய ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. பிற்காலத்தில் மரச்சாமான் வடிவமைப்பில் உலகப்புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமாவும் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் பிரான்டிசெக் சாமரும் இங்கேயே தங்கி வேலையைப் பார்த்தார்கள். 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் முடிந்தது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமிடமிருந்து பணம் வந்ததால்தான் இந்தப் பெயர்.

அந்த விடுதியில் நாம் ஜன்னல் என்று சொல்லும் பொருளே இல்லை. வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் மேலிருந்து கீழ்வரை கிடைமட்டப் பட்டைகளால் ஆனவை. உள்ளிருந்து ஒரு பிடியைத் திருப்பினால் பட்டைகள் சாயும். முழுக்கத் திறந்தால் காற்று. சாய்த்தால் காற்று உண்டு, பார்வை இல்லை. மூடினால் மழைக்குத் தடுப்பு. அறைக்கும் நடைவழிக்கும் நடுவே தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவு. சட்டங்கள் ஒன்று விட்டு ஒன்று முன்னும் பின்னுமாக அடுக்கப்பட்டிருப்பதால் இடைவெளி வழியே காற்று நுழைந்து நுழைந்து போகும், பார்வை முட்டி நின்றுவிடும். குளிர்சாதனம் இல்லாத அந்த அறைகளில் ஆட்கள் எண்பது ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நாம் கான்கிரீட் பட்டை வார்க்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தேக்குக் கதவை எந்த ஊர்த் தச்சரும் செய்வார். இரண்டு அங்குல அகலச் சட்டங்களை ஓர் அங்குல இடைவெளியில் ஒரு வரிசை. அந்த இடைவெளிகளை மறைப்பதுபோல முக்கால் அங்குலம் பின்னால் இன்னொரு வரிசை. தேக்கு வாங்க முடியாதவர்கள் வேப்பம் பலகையில் செய்யலாம். தெருக்கதவைத் திறந்து வைத்தால் கூடம் முழுக்கத் தெரிகிற வீடுகளில் நிலைவாசலுக்கு உள்பக்கம் இப்படி ஒரு தட்டி நிறுத்தினால் கதவையே சாத்த வேண்டாம்.

பட்டைகளைச் சாய்க்கும் திசையில் பலர் தவறுகிறார்கள். தரைத்தளத்தில் இருந்துகொண்டு எதிர் மாடியின் பார்வையை மறைக்க வேண்டுமானால், பட்டையின் வெளிவிளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும். மழையும் வெளியே வழிந்துவிடும். தெருவில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தாலும் கூரைதான் தெரியும். நீங்கள் மாடியில் இருந்து, கீழே தெருவின் பார்வையை மறைக்க வேண்டுமானால் வெளிவிளிம்பு உயர்ந்திருக்க வேண்டும். கடையில் வாங்கும் அலுமினியப் பட்டைத் திரைக்கும் இதே கணக்கு.

குளியலறை வென்டிலேட்டருக்கு இதைவிட எச்சரிக்கை தேவை. அடிவிளிம்பு குறைந்தது ஆறடி உயரத்தில் இருக்கட்டும். கண்ணாடிப் பட்டைகள் புள்ளிக் கண்ணாடியாகவோ பால்நிறமாகவோ இருக்க வேண்டும், தெளிந்த கண்ணாடி கூடாது. உடைந்த பட்டை ஒன்றை மாதக்கணக்கில் மாற்றாமல் விட்டால் மற்றப் பட்டைகளால் எந்தப் பயனும் இல்லை. வெளிப்பக்கம் நெருக்கமான கம்பிவலை அடித்துவிடுங்கள். கையோ செல்போனோ நுழைய முடியாது. வென்டிலேட்டருக்குக் கீழே வெளியில் ஏறி நிற்கத் தோதாகக் கல், டிரம், செங்கல் அடுக்கு எதுவும் இருக்கக் கூடாது.

துணி: ஒரு புடவையில் இரண்டு ஜன்னல்

திரைக்குப் பழைய பருத்திப் புடவையைவிட நல்ல துணி தேட வேண்டியதில்லை. பலமுறை துவைத்த துணி என்பதால் இனிச் சுருங்காது. இழை தளர்ந்து காற்றை விடும். ஐந்தரை மீட்டர் புடவை என்பது 18 அடி. நாலடி உயர ஜன்னலுக்கு மடிப்பும் ஓரமும் சேர்த்து நாலரை அடி வேண்டும். ஆக ஒரு புடவையில் சரியாக நான்கு துண்டு. புடவையின் அகலம் ஏறக்குறைய 46 அங்குலம். நாலடி அகல ஜன்னலுக்கு இரண்டு துண்டு போட்டால் 92 அங்குலத் துணி 48 அங்குலத்தை மறைக்கிறது. திரை கொசுவம் பிடித்துத் தொங்க இந்த இரட்டிப்பு அகலம் அவசியம். ஜன்னல் அளவுக்கே துணி வெட்டினால் காற்றில் விலகி, நடுவில் பிளந்துகொண்டே இருக்கும்.

புதுத்துணி என்றால் தைப்பதற்கு முன் ஒரு முறை ஊறவைத்து அலசிக் காயப்போடுங்கள். கரூர், சென்னிமலைத் தறிகளில் நெய்த பருத்தி நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. பின்பக்கம் ரப்பர் போலப் பூச்சு தடவிய இருட்டுத் திரைகளை இந்தக் கடற்கரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயிலில் பூச்சு உரியும், ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றை அறவே விடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. விடியலுக்கு முன் உப்பளத்துக்குப் போய் வெயில் ஏறியதும் திரும்புகிறவர்களும், இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களும் பகலில் தூங்கியாக வேண்டும். அவர்களுக்கு இருட்டும் வேண்டும், காற்றும் வேண்டும். கருநீலம், கரும்பச்சை போன்ற அடர்நிறக் கெட்டிப் பருத்தியை இரண்டு மடிப்பாகத் தைத்து, ஜன்னலின் மேல் விளிம்பிலிருந்து அரையடி உயர்த்தியும் இருபுறமும் அரையடி நீட்டியும் தொங்கவிடுங்கள். அடியில் ஓர் அடி இடைவெளி விட்டால் காற்று தாழ வரும். கயிற்றுக் கட்டிலில் தாழப் படுப்பவருக்கு அது நேராக மேலே படும்.

தெருப்பக்க அரைத்திரைக்கு ராடுகூட வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பி இரண்டை வாங்கி, துணியின் மேல்மடிப்பிலும் கீழ்மடிப்பிலும் ஒவ்வொன்றாக நுழைத்து, ஜன்னல் கம்பியிலேயே மாட்டிவிடலாம். மேலும் கீழும் இழுத்துப் பிடித்திருப்பதால் கடற்காற்று அதைத் தூக்கிப் போடாது. வாடகை வீட்டில் சுவரில் துளை போட அனுமதி இல்லாதவர்களுக்கும் இதுவே வழி.

சமையலறை ஜன்னலில் துணியே வேண்டாம். அடுப்பு ஜன்னலை ஒட்டித்தான் இருக்கும். காற்றில் பறக்கும் முனை தீயில் படும். கீழ்ப்பாதிக்குப் புள்ளிக் கண்ணாடி, மேற்பாதி திறப்பு. போதும். இழுகயிறு வைத்த திரைகள் இருந்தால் கயிற்றை ஐந்தடிக்கு மேல் ஒரு கொக்கியில் சுற்றிக் கட்டுங்கள். தொங்கும் கயிற்று வளையம் குழந்தையின் கழுத்தில் மாட்டக்கூடியது.

வெளியே கட்டும் தட்டி

வெயிலையும் பார்வையையும் ஒன்றாகத் தடுக்க வேண்டிய மேற்கு ஜன்னலுக்கு உள்திரை போதாது. கண்ணாடிக்குள் வந்துவிட்ட வெப்பம் வந்ததுதான். வெளியே, சன்ஷேடின் விளிம்பிலிருந்து தொங்கும் மூங்கில் தட்டிதான் அங்கே சரி. சுவரை ஒட்டாமல் ஓரடி தள்ளித் தொங்குவதால் பக்கவாட்டில் காற்று சுற்றிவரும். தென்னங்கீற்றுத் தட்டி இன்னும் மலிவு, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூங்கிலை உளுப்பூச்சி துளைக்காமல் இருக்க போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தியிருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். ஆரோவில் மூங்கில் மையம் பக்கத்திலேயே இருப்பது நமக்கு வசதி.

வந்தவாசிக் கோரைப்பாயை இரண்டு முனையிலும் துணிப்பட்டி வைத்துத் தைத்தால் அழகான சுருள்திரை. மழை படாத தாழ்வாரத்துக்கும் உள்ஜன்னலுக்கும் மட்டும். நனைந்தால் கறுத்துவிடும். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டும் பழக்கம் உள்மாவட்ட வறண்ட வெயிலுக்கு ஏற்றது. ஏற்கெனவே ஈரம் சுமந்து வரும் நம் காற்றில் அதன் குளிர்ச்சி பெரிதாகத் தெரியாது.

எந்தத் தட்டியானாலும் கழற்றும்படி கட்டுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 பெஞ்சல் புயலையும் கண்ட கரை இது. ஐப்பசி பிறந்ததும் கிழக்கு, வடக்குப் பக்கத் தட்டிகளைச் சுருட்டி உள்ளே வைத்துவிட வேண்டும்.

புதிதாகச் சுவர் எழுப்புகிறவர்கள் ஜாலிச் சுவரை மறக்க வேண்டாம். லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டிய சுவர்கள் புகழ்பெற்றவை. வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டைகள் கறுப்பாகத் தெரியும். உள்ளிருந்து பார்த்தால் வெளி தெரியும். மாடிப்படி, துவைக்கும் இடம், பின்கட்டு ஆகியவற்றுக்கு இதுவே நிரந்தர மறைப்பு. படுக்கையறைக்கு மட்டும் உள்ளே ஒரு திரையும் வேண்டும். இரவு விளக்கு விதி ஜாலிக்கும் பொருந்தும்.

செடியும் மறைப்புதான். ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளிச் செம்பருத்தியோ நந்தியாவட்டையோ வையுங்கள், அல்லது சவுக்குக் கம்பு நட்டுச் சங்குப்பூவோ அவரையோ படரவிடுங்கள். அடியில் ஓரடி உயரத்துக்கு இலைகளைக் கழித்துவிட்டால் பூச்சி பொட்டு அண்டாது.

கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரைப் பற்றி ஒரே வரிதான்: ஜன்னலைத் திறந்தால் அது மறைக்காது, சாத்தினால் காற்று வராது. திறக்கவே முடியாத கண்ணாடிக்கு மட்டும் ஒட்டுங்கள்.

உப்புக்காற்று

மரக்காணத்தில் உப்பை விளைவிக்கும் அதே காற்றுதான் நம் ராடையும் தின்கிறது. சாதாரண இரும்பு ராடு ஒரே மழைக்காலத்தில் பொரிந்து, துரு துணியில் இறங்கிக் கறையாகும். அலுமினியம் அல்லது 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். கரையை ஒட்டிய வீடுகளுக்கு 316 தரம் இன்னும் நல்லது. பலரும் ராடை நல்லதாக வாங்கிவிட்டு, அதைப் பிடிக்கும் ஸ்குருவை இரும்பில் போட்டுவிடுகிறார்கள். முதலில் போவது அந்த ஸ்குருதான். செலவில்லாத வழி வேண்டுமென்றால் பட்டையுரித்துக் காயவைத்த நேரான சவுக்குக் கம்பு; துருவுக்கு அங்கே வேலையே இல்லை. மெல்லிய திரைகளை மாதம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பும் தூசும் படிந்த துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், காற்றையும் அடைக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது

பக்கத்து வீட்டுக்காரர் நம் பக்கம் புது ஜன்னல் திறப்பதைத் தடுக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 18ஆம் பிரிவில், அண்டைவீட்டாரின் அந்தரங்கத்தைக் கெடுக்கும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற ஊர்வழக்கத்தையே எடுத்துக்காட்டாகத் தருகிறது. 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்கம் இருப்பதை நிரூபித்தாக வேண்டும். சென்னை மாகாணத்தின் பழைய தீர்ப்புகள் இந்த உரிமையைப் பொதுவாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே நம் பக்கத்தில் வழக்கை நம்புவதைவிட, அவர் சுவர் எழுப்பும்போதே போய்ப் பேசுவது மேல். பக்கத்து வீட்டுக் கண்காணிப்பு கேமராவுக்கும் அப்படித்தான். "அண்ணே, ஒங்க கேமரா எங்க பின்பக்க ஜன்னலயும் சேத்துப் புடிக்குது, கொஞ்சம் ரோட்டுப் பக்கமா திருப்பி வெச்சிடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள்.

வேண்டுமென்றே எட்டிப் பார்ப்பது வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. தன்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு பெண் இருக்கும் அந்தரங்கமான நேரத்தில் அவரைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. மறுபடி செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு. ஜன்னல் திறந்திருந்தது என்பது குற்றவாளிக்குச் சாக்கு ஆகாது. திரை போடாதது உங்கள் தவறு என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெண்கள் உதவி எண் 181. படம் இணையத்தில் பரவினால் 1930.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கு

இடையஞ்சாவடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மாடியில் ஓர் அறை எடுத்து வாடகைக்கு விடாத குடும்பங்கள் குறைந்துவருகின்றன. குடிவருகிறவர்களில் வேலைக்காகத் தனியே வந்த இளம்பெண்கள் உண்டு, கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. அவர்கள் முதல் இரவில் ஜன்னலில் செய்தித்தாளை ஒட்டிக்கொண்டு தூங்கும்படி விடாதீர்கள். ஆளுக்கு ஏற்ற திரையைப் பிறகு அவர்களே வாங்கிக்கொள்வார்கள். ராடு, ஸ்டெயின்லெஸ் ஸ்குரு, கீழ்ப்பாதிக்கு ஓர் அரைத்திரை, குளியலறை வென்டிலேட்டரில் உடையாத பட்டைகள் இவ்வளவையும் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகு சாவியைக் கொடுங்கள்.